பூலோகம் மாமாவின் காதும் மானசாவின் சின்ன ஆப்பிளும்

பேச்சிராஜாவுக்குப் பூலோகத்தின் மேல் பதினேழு வருஷத்துக் கோபம் ஒன்று இருந்தது. அப்படி ஒரு கோபம் இருப்பதே பூலோகத்துக்குத் தெரியாது. அது ஆறாமல் கிடந்ததற்குக் காரணமும் அதுதான்.

நடந்தது இது. தாராவியை ஒட்டி மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு சின்ன மண்டபம். பேச்சிராஜாவுக்கும் மாரீஸ்வரிக்கும் நிச்சயதார்த்தம். பேச்சிராஜா படித்தது எட்டாவது. பெண் வீட்டில் பன்னிரண்டு என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதை யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். தட்டு மாற்றுகிற நேரம். பெரியவர்கள் தட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள். மண்டபத்தில் சின்னப் பிள்ளைகூட அழவில்லை. பூலோகம் பேச்சிராஜாவுக்குத் தாய்மாமன் முறை. அவர் பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் ரகசியம் சொன்னார்:

"பன்னெண்டாப்புன்னு சொல்லி வச்சிருக்கு. எட்டுதான். யாரும் ஒளறிராதிய, என்ன?"

ரகசியம் என்று நினைத்தது அவர் ஒருவர்தான். பந்தி நடக்கிற இடத்தில் சாம்பார் வாளியோடு நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சு முற்றினாலும் மாரீஸ்வரி கடைசியில், "எட்டாங்கிளாஸு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடிப்பாள். பதினேழு வருஷம். மனுஷன் எத்தனை தடவைதான் கேட்பான்? பூலோகமோ மறுநாளே கடைக்கு வந்து, "மாப்ள, நான் மட்டும் வாயக் கட்டி வைக்கலன்னா நேத்து காரியம் கெட்டிருக்கும்" என்று பெருமையடித்துவிட்டுப் போனவர்.

அவர் குற்றமும் இல்லைதான். தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டுப் பக்கம் நாகூர் கனியின் டிரம் கோடவுன் இருக்கிறது. நசுங்கிப்போன எண்ணெய் டிரம்களை உள்ளே கம்பி கொடுத்து, வெளியே சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, கழுவி, பெயின்ட் பூசி அனுப்புகிற இடம். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பேர் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டு ரோட்டுக்கு வந்தால் பஸ் சத்தமில்லாமல் போகிற மாதிரி இருக்கும். பூலோகம் பத்தொன்பது வயதில் ஊரிலிருந்து ரயிலேறித் தாதரில் வந்து இறங்கியவர், மூன்றாம் நாள் அங்கே சுத்தியலைப் பிடித்தார். இப்போது ஐம்பத்தெட்டு. எவ்வளவு மோசமாக நசுங்கின டிரம்மையும் எந்த இடத்தில் முதல் அடி வைத்தால் தானாக உப்பி வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த முதல் அடிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இடது காது முப்பது வயதில் போனது. வலது காது கொஞ்சம் கொஞ்சமாக.

காது போனது அங்கே யாருக்கும் குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் பேசுவதில்லை, தட்டுவார்கள். டிரம்மில் ஒரு தட்டு என்றால் என்னைப் பார். இரண்டு என்றால் உருட்டு. மூன்று என்றால் நிறுத்து, கையை எடு. தட்டின அதிர்வு கால் வழியாகவே தெரிந்துவிடும். இப்படி நாற்பது வருஷம் ஓடியது.

பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பீகாரிலிருந்து வந்தவர்கள் தட்டுவதில்லை, விலகு என்பதை ஹிந்தியில் "ஹட்! ஹட்!" என்று கத்துவார்கள். போன மாசம் லாரியிலிருந்து ஒரு டிரம் நழுவி உருண்டு வந்தது. எல்லோரும் கத்தினார்கள். பூலோகம் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார். டிரம் அவருக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. போன பிறகுதான் அதைப் பார்த்தார்.

நாகூர் கனி நல்ல மனுஷன். அதனால்தான் அன்றைக்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "பூலோகண்ணே, இனிமே இப்படி வேணாம். வாசல்ல உக்காருங்க, வண்டி வந்தா சீட்டு எழுதுங்க. இல்ல காது மெஷின் போட்டு, கூப்பிட்டா திரும்புறீங்கன்னு எனக்குக் காட்டுங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல சுத்தியல் கிடையாது" என்று கையால் சைகை காட்டி, எழுதியும் காட்டினார்.

வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதுவது! பூலோகம் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அவர் மகள் மானசா வாஷியில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறாள். அங்கேயே ஒரு கிளினிக்கில் காட்டி, வலது காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டாள். கிளினிக் மேடம் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் கோடுகளை ஏற்றி இறக்கி, "கேட்குதா?" என்றாள். கேட்டது. ஏசி சத்தமே கேட்டது. கோடவுனுக்கு வந்து காலை வைத்ததும் மண்டைக்குள் யாரோ அடிக்கிற மாதிரி வலித்தது. மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். திரும்ப வாஷி. திரும்பக் கண்ணாடி அறை. நாலு தடவை ஹார்பர் லைன் ரயிலில் போய் வந்தாகிவிட்டது. அந்த அறையில் எல்லாம் சரியாக இருக்கும். கோடவுனில் எல்லாம் வலிக்கும்.

கடைசியில் அந்த மேடத்துக்கே சலித்துவிட்டது. "சத்தம் இருக்கிற இடத்தில் வைத்துத்தான் இதைச் சரி செய்யணும். என்னால அங்க வர முடியாது. மெஷினோட ஒயரும், அதைக் கம்ப்யூட்டர்ல சொருகுற டப்பாவும் தர்றேன், சாஃப்ட்வேரும் தர்றேன். ஒரு விண்டோஸ் லேப்டாப் வேணும். போன்ல நான் சொல்றதை மட்டும் தொடுங்க" என்றாள்.

இப்படித்தான் அது பேச்சிராஜா தலையில் வந்து விழுந்தது. லேபர் கேம்ப் சந்தில் அவனுக்கு ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை, ஷட்டர் அகலமே ஐந்தடி.

ஒரு புதன்கிழமை காலையில் பூலோகம் வந்து கவுன்டரில் மகளுடைய பழைய லேப்டாப்பை வைத்தார். வெள்ளி நிறம், பதினோரு அங்குலம், ஒரு நோட்டுப் புத்தகம் கனம். மூடியில் ஆப்பிள்.

"மாப்ள! இதுல விண்டோஸ் போடு!"

எதிர்ச் சாரியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, ஏங்கிட்டயே விண்டோஸ் லேப்டாப் ஒம்போது கிடக்கு. ஒண்ணத் தூக்கிட்டுப் போரும்."

"என்னது?" மெஷின் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் கிடந்தது.

பேச்சிராஜா ஒரு கறுப்பு லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினான். பூலோகம் அதை வாங்கி, தோளில் கிடந்த துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக் காட்டினார். காதிலிருந்து டப்பாவுக்கு வருகிற ஒயர் ஒரு முழம்தான். அவர் நடந்து, குனிந்து, அடிக்கும்போது லேப்டாப்பும் நெஞ்சிலேயே தொங்க வேண்டும். கறுப்பு லேப்டாப் அவர் கழுத்தைக் கீழே இழுத்தது. பத்து நிமிஷத்தில் பேட்டரியும் செத்தது. கோடவுனில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் பெயின்ட் அடிக்கிற கம்ப்ரெஸருக்கு. மானசாவின் ஆப்பிளோ நாலு மணி நேரம் தாங்கும்.

பேச்சிராஜா வாயை மூடிக்கொண்டு ஆப்பிளைக் கையில் எடுத்தான். எட்டாங்கிளாஸுக்குக்கூட இது புரிந்தது.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தான். ஆப்பிளை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள்ளேயே ஒரு பெட்டி மாதிரி விண்டோஸை ஓட்டுவது. நாலு ஜிபி மெமரியில் அது பத்துக்குப் பத்து அறையில் இரண்டு குடும்பம் குடியிருக்கிற கதையாகிவிட்டது. ஒன்று மூச்சு விட்டால் மற்றது மூச்சை அடக்க வேண்டும். காது டப்பாவைச் சொருகினால் விண்டோஸ் ஒரு தடவை கண்டுகொண்டது, அடுத்த தடவை தெரியாது என்றது. மதியம் வரைக்கும் பார்த்துவிட்டு அதை அழித்தான்.

இரண்டாவது வழி, டிஸ்கையே நடுவில் தட்டி வைத்துப் பிரித்து, ஆளுக்கொரு வாசல் வைப்பது. மொத்தம் நூற்றிருபத்தெட்டு ஜிபி. அதில் நூற்றுப் பத்து மானசாவின் கல்லூரிப் போட்டோக்கள். போனில் கேட்டான்.

"ஒண்ணக்கூட அழிச்சிராதீங்க அத்தான், ப்ளீஸ்" என்றாள்.

"ஒரே பிறந்த நாள் கேக்க நாப்பது தடவை எடுத்திருக்கியேம்மா!"

"ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொருத்தர் சிரிப்பு நல்லா இருக்கும் அத்தான்."

எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற ஆறு மணி நேரம். மாற்றிவிட்டுப் பிரிக்கப் போனால், இந்த டிஸ்கைப் பிரிக்க முடியாது என்று வந்தது. காரணம் சொல்லவில்லை. பழுது பார்த்து, திரும்பப் பிரித்து, திரும்ப அதே. பூலோகம் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "ஆச்சா?" இவன் பதில் சொன்னால் கேட்காது. கையை விரித்துக் காட்டினால், "நீ கவலப்படாதடே, மெதுவா செய்யி!" என்று சந்து முழுக்க ஆறுதல் சொல்வார்.

சாயங்காலத்துக்குள் சந்துக்கே தெரிந்துபோனது. தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் நின்று கேட்கிறாள்: "பேச்சி, விண்டோஸ் வந்துட்டா?" இட்லிக்காரர் கேட்கிறார். பால்காரன் ஹிந்தியில் கேட்கிறான். ஊரிலிருந்து பஸ்ஸில் பார்சல் வருகிற மாதிரி எல்லோரும் விண்டோஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்கை முழுக்கத் துடைத்து, ஆப்பிளையும் புதிதாகப் போட்டுப் பிரித்த பிறகு, வியாழக்கிழமை விண்டோஸ் வந்தது. வந்தும் பிரயோஜனமில்லை. எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். வைஃபை இல்லை. கீழே தேய்க்கிற பட்டையில் வலது கிளிக் இல்லை. விண்டோஸ்காரனுக்குப் பழக்கமான டெலீட் பட்டன் கீபோர்டில் இல்லவே இல்லை. இதற்கெல்லாம் வேண்டிய டிரைவர்களை முன்கூட்டியே ஆப்பிள் பக்கத்திலிருந்து எடுத்துப் பென்டிரைவில் வைத்திருக்க வேண்டும். பேச்சிராஜா வைக்கவில்லை. திரும்ப ஆப்பிளுக்குப் போய், எடுத்து, திரும்ப இங்கே. யுஎஸ்பி ஓட்டை இரண்டுதான். மவுஸுக்கு ஒன்று, பென்டிரைவுக்கு ஒன்று. காது டப்பாவை எங்கே சொருகுவது? அவன் வாயிலேயா?

இதில் இன்னொரு கூத்து. லேப்டாப்பை அணைத்துப் போட்டால் அது பாட்டுக்கு ஆப்பிள் வாசலில் போய் நிற்கும். விண்டோஸ் வேண்டுமென்றால், போட்டவுடன் 'டங்' என்று ஒரு மணி அடிக்கும், அந்த நொடியில் ஆல்ட் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பேச்சிராஜா டீ குடிக்கப் போன நேரத்தில் பூலோகம் தானே லேப்டாப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆப்பிள் வந்து நின்றது. சந்து முழுக்கக் கேட்டது:

"மாப்ளோய்! விண்டோஸு ஓடிப்போச்சிடே!"

டீ பேச்சிராஜா சட்டையில் கொட்டியது. ஓடி வந்தான். "ஓடல வே! ஆல்ட்ட அமுக்கணும்! மணி அடிச்சொடன!"

"எந்த மணி?"

"மணி! டங்!" அவன் கவுன்டரைத் தட்டிக் காட்டினான். பூலோகம் தலையாட்டினார். அவருக்கு எந்த மணியும் கேட்டதில்லை. இரண்டு நாளாக இவன் ஏதோ கணக்கில் அந்தப் பட்டனை அழுத்துகிறான் என்றுதான் நினைத்திருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாரீஸ்வரி கேட்டாள்: "பூலோகம் மாமா வேல முடிஞ்சிட்டா?"

"அந்த மனுசன் பேரச் சொல்லாத. எம்மானத்த வாங்குனது போதாதுன்னு இப்ப எம்பொழப்பையும் வாங்குதாரு."

"முடியலன்னா முடியலன்னு சொல்லிர வேண்டியதுதான. இதுக்கெல்லாம் படிச்சவங்க..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

சனிக்கிழமை மாசக் கடைசி. காலையில் எல்லாம் ஒரு வழியாக நின்றது. மவுஸைத் தூக்கி எறிந்துவிட்டு டப்பாவைச் சொருகினான். சாஃப்ட்வேர் திறந்தது. பூலோகத்தின் காது படத்தில் கோடுகளாக வந்தது. மானசா ஒரு போனில் வாஷி மேடத்தையும் பேச்சிராஜாவையும் சேர்த்துவிட்டாள்.

"வலது ஓரத்தில் உச்ச சத்தம்னு ஒரு வரிசை. அதை மட்டும் ரெண்டு ரெண்டா இறக்குங்க. ஒவ்வொரு தடவையும் சேமிங்க. வேற எதையும் தொட்டீங்கன்னா இருக்கிற காதும் போயிடும்" என்றாள் மேடம்.

மானசாவின் பழைய ஸ்கூல் பையை வெட்டி, கயிறு கட்டி, லேப்டாப் திறந்தபடி நெஞ்சுக்கு முன்னால் நிற்கிற மாதிரி பூலோகத்தின் கழுத்தில் மாட்டினார்கள். காதிலிருந்து ஒயர். இந்தக் கோலத்தில் இரண்டு பேரும் லேபர் கேம்பிலிருந்து பதிமூன்றாம் காம்பவுண்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் ஒருவன், தியேட்டரில் தட்டு மாட்டி விற்கிற ஆளைக் கேட்கிற மாதிரி, "மாமோய், உள்ள பாப்கார்ன் இருக்கா?" என்று கேட்டான். மெஷினை இன்னும் ஆன் செய்யவில்லை. பூலோகம் அவனைப் பார்த்து, "ஆமாடே, நல்லா இருக்கேன்!" என்றார்.

கோடவுனுக்குள் காலை வைத்தார்கள். முப்பது சுத்தியலும் நின்றன. மூத்த மனுஷன் நெஞ்சில் கம்ப்யூட்டரும் காதில் ஒயருமாக வருகிறார், ஏதோ ஆஸ்பத்திரிக் காரியம் என்று மரியாதையாக எல்லோரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருவன் ஃபேனைக்கூட அணைத்தான். பேச்சிராஜா மெஷினை ஆன் செய்தான்.

"கேக்குதுடே, நல்லா கேக்குது!" என்றார் பூலோகம் சந்தோஷமாக.

பேச்சிராஜாவுக்கு மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாக உச்சந்தலைக்கு ஏறியது. "இதுக்கா நான் மூணு நாளு செத்தேன்? இந்த அமைதிதான் வாஷியில ஏசி போட்டு இருக்கே! ஏ பாயி, மாரோ! அடிங்கய்யா! மாரோ!"

அவர்களுக்குப் புரியவில்லை. அவனே ஒரு சுத்தியலை எடுத்து டிரம்மில் ஓங்கி அடித்தான். பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். பூலோகத்தின் முகம் சுருங்கியது, கை காதுக்குப் போனது. பேச்சிராஜா அவர் நெஞ்சுக்கு முன்னால் குனிந்து இரண்டு இறக்கினான், சேமித்தான். இன்னும் முகம் சுருங்கியது. இன்னும் இரண்டு. அவர் சுத்தியலை எடுத்தார், ஒரு அடி வைத்தார், கண்ணை மூடினார். இன்னும் இரண்டு. நாலாவது தடவை சேமித்து முடித்ததும் கண்ணைத் திறந்தார். அடுத்த அடியை வைத்தார். முகம் சும்மா இருந்தது.

நாகூர் கனி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் திரை நீலமானது. விண்டோஸ் அப்டேட் ஆகிறதாம். அணைக்கக் கூடாதாம். கோடவுனே காத்திருக்கிறது, அதற்கு அப்டேட் வேண்டுமாம். பேச்சிராஜா தலையில் கை வைத்தபடி பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டான். போதும், ஆளை விடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அணைந்து திரும்ப வரும்போது ஆப்பிள் வாசலில் போய் நிற்கும், எழுந்து போய் ஆல்ட்டை அழுத்த வேண்டும். எழுந்திருக்கத் தெம்பில்லை.

திரை கறுத்தது. சுத்தியல் எதுவும் நிற்கவில்லை. முப்பதும் விழுந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவில் பூலோகம் திடுக்கென்று குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். சுத்தியலை விட்டுவிட்டு, கட்டை விரலால் ஆல்ட் பட்டனை அழுத்திப் பிடித்தார். இரண்டு வாசலும் திரையில் வந்து நின்றன.

"மணி அடிச்சிதுடே!" என்று கத்தினார். "மாப்ள, இது எப்பவும் அடிக்குமா?"

பேச்சிராஜா எழுந்து நின்றான். அவன் காதுக்கே அந்த மணி கேட்கவில்லை.

அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு புது ஆள் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து, "ஹட்! ஹட்!" என்றான். பூலோகம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு எட்டுத் தள்ளி நின்று வழி விட்டார். நாற்பது வருஷமாக அப்படித்தான் வழி விடுகிறவர் மாதிரி.

நாகூர் கனி கட்டிய கையைப் பிரித்தார். "திங்கக்கிழமை சுத்தியலோட வாங்கண்ணே" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். பூலோகம் கும்பிட்டார்.

திரும்பி வரும் வழியில் பூலோகம் நாலு வார்த்தை பேசிவிட்டு நின்றார். திரும்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு வார்த்தை. திரும்ப நின்றார்.

"யாருடே கூடயே கத்திட்டு வாரது?"

"நீருதான்."

"நானா? எப்பவுமா இப்பிடி?"

"எப்பவும்." பேச்சிராஜா நடையை நிறுத்தவில்லை. "என் நிச்சயத்துலயும் இதே சத்தந்தான். பன்னெண்டாப்புன்னு சொல்லி வச்சிருக்கு, எட்டுதான், ஒளறிராதியன்னு."

"அத நான் காதுக்குள்ளலாடே சொன்னேன்."

"மண்டபத்துக்குள்ள சொன்னீரு."

பூலோகம் நடையை மெதுவாக்கினார். "மாரீஸ்வரி அப்பன் கேட்டாரா?"

"அவருதான் மொதல்ல திரும்புனாரு."

"பொறவு எப்பிடிப் பொண்ணு குடுத்தாரு?"

"எட்டு முழுசா முடிச்சானா, பாதியில நின்னானான்னு கேட்டாரு. முழுசுன்னேன். குடுத்துட்டாரு."

பூலோகம் சிரிக்கவில்லை. கடைக்கு வந்து, பையைக் கழற்றிக் கவுன்டரில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தார்.  பிறகு வாயை அசைத்தார். பேச்சிராஜாவுக்குக் காதில் விழவில்லை.

"என்ன மாமா?"

திரும்பச் சொன்னார். திரும்பவும் விழவில்லை. அவன் கவுன்டருக்கு மேலே குனிந்து, காதை அவர் வாய்ப் பக்கம் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

"அடுத்த மாசம் மானசாவுக்குப் பேசி முடிக்க மாப்ள வீட்டுலேருந்து வாராங்க. நீ ஏம் பக்கத்துலயே உக்காரு. என் சத்தம் ஏறிச்சின்னா முட்டியில மூணு தட்டு தட்டு, என்ன?"